சிக்கலுக்குப் புது வழி கண்டுபிடிப்பது எப்படி: நான்கு தாள், ஒரு டைமர், இரண்டு உட்காரல்

ஒரே சிக்கலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ‘கொஞ்சம் வித்தியாசமா யோசிங்க’ என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படி என்று கேட்டால் பதில் வராது. இதற்காகக் காசு கட்டிப் பயிலரங்குகளுக்குப் போயிருக்கிறேன். பந்தைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கச் சொன்னார்கள், கலர் கலராகச் சீட்டு ஒட்டச் சொன்னார்கள். திரும்பி வந்து வேலையில் உட்கார்ந்தால் அதே சிக்கல், அதே முட்டுச்சந்து. கடைசியில் கைகொடுத்தது வேலையின் வரிசைதான்: எதை முதலில் செய்வது, எதை மறுநாளைக்குத் தள்ளுவது, எதை எதோடு கலக்கக் கூடாது. அந்த வரிசையைக் கீழே தருகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். உங்கள் சிக்கலுக்கு ஏற்கெனவே தெரிந்த விடை இருந்தால் இந்த வழி தேவையில்லை. குழாய் ஒழுகினால் குழாய் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். படைப்பாற்றலை அங்கே வீணாக்க வேண்டாம். தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேரிடம் கேட்டும் சரிப்படாதது, அல்லது ஒவ்வொரு முறை தீர்த்த பிறகும் திரும்பித் திரும்பி வருவது, இந்த இரண்டு வகைக்குத்தான் இது.

## கையில் இருக்க வேண்டியவை

நான்கு வெற்றுத் தாள்கள், ஒரு பேனா, ஒரு டைமர். தாள் 1-இல் சிக்கல், தாள் 2-இல் யோசனைகள், தாள் 3-இல் தேர்வு, தாள் 4-இல் சோதனை. நான்கையும் ஒரே தாளில் எழுதாதீர்கள். யோசனைக்குப் பக்கத்திலேயே ‘இது நடக்காது’ என்று எழுத இடம் இருந்தால் கை தானாக எழுதிவிடும்.

நேரம்: முதல் நாள் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம், நடுவில் ஒரு இரவு, மறுநாள் ஒரு மணி நேரம், அப்புறம் சோதனைக்கு ஒன்றிரண்டு வாரம். செலவு என்று பார்த்தால் தாளும் நேரமும்தான். இதற்கென்று ஆப், மென்பொருள், சந்தா எதுவும் வேண்டாம். ஆப் வாங்கினால் அதைக் கற்றுக்கொள்வதிலேயே முதல் வாரம் போய்விடும்.

படிகள் அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஓர் உதாரணத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். ஒரு நூலகம். இரவல் போன புத்தகங்கள் கெடு நாளுக்குள் திரும்புவதில்லை. உங்கள் சிக்கல் வேறாக இருக்கும். அந்த இடத்தில் உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

## 1. சிக்கலை எழுதுங்கள், பிறகு அதையே வேறு மாதிரி எழுதுங்கள் (25 நிமிடம்)

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். முதல் நாள் படிகளில் அதிக நேரம் கேட்பதும் இதுதான்.

முதலில் மனதில் இருப்பதை ஒரே வாக்கியமாக எழுதுங்கள். பெரும்பாலும் இப்படி வரும்: ‘தாமதமாகத் திருப்புபவர்களுக்கு உடனுக்குடன் எச்சரிக்கை அனுப்ப ஒரு மென்பொருள் வேண்டும்.’ இதில் சிக்கலே இல்லை, கவனித்தீர்களா? தீர்வு ஒன்று சிக்கலின் வேடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘வேண்டும்’, ‘வாங்க வேண்டும்’, ‘அமைக்க வேண்டும்’ என்று வாக்கியம் முடிந்தால் சந்தேகப்படுங்கள். அதை அடித்துவிட்டு, என்ன நடக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்: ‘இரவல் போகும் புத்தகங்களில் கணிசமானவை கெடு தாண்டியும் வருவதில்லை.’ ‘கணிசமானவை’ என்ற இடத்தில் உங்களிடம் இருக்கும் உண்மையான எண்ணைப் போடுங்கள். எண் கையில் இல்லையென்றால் இங்கேயே நிறுத்திவிட்டு அதை எடுத்து வாருங்கள். கடைசிப் படியில் அது இல்லாமல் தவிப்பீர்கள்.

இப்போது அதே சிக்கலை வேறு வேறு ஆட்களின் வாயிலிருந்து எழுதுங்கள். வாசகர் சொன்னால்: ‘படித்து முடிக்கும் முன்பே கெடு வந்துவிடுகிறது.’ அதே புத்தகத்துக்குக் காத்திருப்பவர் சொன்னால்: ‘எப்போது கிடைக்கும் என்றே தெரியவில்லை.’ நூலகர் சொன்னால்: ‘ஆளுக்கு ஆள் போன் செய்வதிலேயே பாதி நாள் போகிறது.’ மூன்றும் ஒரே சிக்கல் மாதிரி தெரியும். ஆனால் மூன்றுக்கும் தீர்வு வேறு.

அடுத்து ‘ஏன்’ கேட்டு இறங்குங்கள். டொயோட்டா தொழிற்சாலைகளில் பழக்கமான, ஐந்து முறை ஏன் கேட்கும் முறைதான். ஏன் தாமதம்? கெடு நாள் மறந்துபோகிறது. ஏன் மறக்கிறது? தேதி புத்தகத்துக்குள்ளே முத்திரையாக மட்டும் இருக்கிறது, புத்தகத்தைத் திறக்காதவர் கண்ணில் படாது. ஏன் திறக்கவில்லை? நேரம் கிடைக்கவில்லை, ஆனாலும் படிக்கும் ஆசை போகவில்லை. சரி, புதுப்பித்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை? அதற்கு நேரில் வந்து வரிசையில் நிற்க வேண்டும். ஏன் நேரில்? விதி அப்படி. மறதியில் தொடங்கியது விதியில் வந்து நிற்கிறது.

இதில் ஒரு பொறி உண்டு. ‘ஏன்’ ஒரே கோடாக இறங்காது, கிளை பிரியும். ஒரே கோட்டில் போனால் நீங்கள் முன்பே நம்பிய இடத்துக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். அதனால் முதல் ‘ஏன்’னுக்குக் குறைந்தது மூன்று பதில் எழுதுங்கள். நம் நூலகத்தில் இன்னொரு கிளை இது: ‘ஏற்கெனவே அபராதம் ஏறிவிட்டது, போனால் கட்டச் சொல்வார்கள் என்று பயந்து வருவதே இல்லை.’ இதை ஓரமாகக் குறித்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி முடிந்ததற்கு அடையாளம்: ‘எப்படி’ என்று தொடங்கும் இரண்டு மூன்று கேள்விகள் தாள் 1-இன் அடியில் இருக்க வேண்டும். அவற்றில் ஒன்றாவது நீங்கள் உட்காரும்போது மனதில் இல்லாததாக இருக்க வேண்டும்.

## 2. பழகிய வழியை எழுதி ஒதுக்குங்கள் (15 நிமிடம்)

மூன்று ஜாடிகள் இருக்கின்றன. 21, 127, 3 அளவு நீர் பிடிக்கும். 100 அளவு எடுக்க வேண்டும். 127-ஐ நிரப்பி, அதிலிருந்து 21-ஐ ஒரு முறையும் 3-ஐ இரண்டு முறையும் கழித்தால் 100. இதே சூத்திரத்தில் தீரும் கணக்குகளை வரிசையாகக் கொடுத்துவிட்டு, அடுத்து 23, 49, 3 அளவு ஜாடிகளில் 20 எடுக்கச் சொன்னால் பெரும்பாலானவர்கள் 49-இலிருந்து 23-ஐக் கழித்து, 3-ஐ இரு முறை கழித்து 20 என்பார்கள். 23-இலிருந்து 3-ஐக் கழித்தாலே போதும் என்பது கண்ணில் படாது. ஆபிரகாம் லூச்சின்ஸ் 1942-இல் வெளியிட்ட சோதனை இது. பழைய கணக்குகளைப் போடாமல் நேராகக் கடைசிக் கணக்குக்கு வருபவர்கள் சுலபமான வழியைப் பார்த்துவிடுகிறார்கள். அனுபவம் கூடும்போது இந்தக் கண்பட்டை இறுகவும் கூடும். எனவே துறையில் பழுத்தவர்கள் இந்தப் படியைக் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டும்.

செய்முறை எளிது. தாள் 1-இன் பின்பக்கத்தில் இந்தச் சிக்கலில் நீங்கள் இயல்பென்று எடுத்துக்கொண்ட எல்லாவற்றையும் எழுதுங்கள். வெட்கப்படும் அளவுக்கு வெளிப்படையானதாக இருந்தாலும் பரவாயில்லை: ‘எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே கெடு.’ ‘வாசகர்தான் நூலகத்துக்கு வர வேண்டும்.’ ‘தாமதத்துக்குத் தண்டனை உண்டு.’ ‘திரும்பிய புத்தகம் அலமாரிக்குப் போக வேண்டும்.’ ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இது இல்லாவிட்டால்?’ என்று எழுதுங்கள். பதில் தேடாதீர்கள். கேள்வியை மட்டும் எழுதிவிட்டு நகருங்கள்.

பொருள்களுக்கும் இதைச் செய்யலாம். கார்ல் டன்கரின் மெழுகுவர்த்திப் புதிர் பலருக்குத் தெரிந்திருக்கும்: மெழுகுவர்த்தி, தீக்குச்சிகள், ஒரு பெட்டி நிறைய ஆணி. மேசையில் மெழுகு சொட்டாமல் வர்த்தியைச் சுவரில் பொருத்த வேண்டும். பெட்டியைக் காலி செய்து சுவரில் ஆணியடித்து, அதில் வர்த்தியை நிறுத்துவதுதான் விடை. ஆணிகளைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தால் பலர் திணறுகிறார்கள். வெளியே கொட்டிக் காலிப் பெட்டியாகக் கொடுத்தால் திணறல் குறைகிறது. உங்களிடம் இருப்பவற்றைப் பெயர் சொல்லாமல் எழுதிப் பாருங்கள். ‘அறிவிப்புப் பலகை’ என்பதற்குப் பதில் ‘எல்லோரும் கடக்கும் இடத்தில் உள்ள தட்டையான பரப்பு’. வேறு பயன்கள் தாமாக வெளியே வரும்.

பொறி: இந்தக் கட்டத்தில் ‘மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள்’ என்று இணையத்தில் தேடுவது. வடிவமைப்புப் பொறியாளர்களிடம் ஒரு மாதிரியைக் காட்டிவிட்டுப் புதிதாக வரையச் சொன்னால், அந்த மாதிரியில் இருந்த குறைகளைக்கூடச் சேர்த்து வரைகிறார்கள் என்று 1991-இல் ஜான்சனும் ஸ்மித்தும் காட்டினார்கள். தேடுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் முதல் பட்டியல் முடிந்த பிறகு தேடுங்கள்.

## 3. தனியாக உட்கார்ந்து, எண்ணிக்கை வைத்து எழுதுங்கள் (20 நிமிடம்)

தாள் 1-இன் ‘எப்படி’ கேள்விகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு டைமரை வையுங்கள். தாள் 2-ஐ எடுத்து 1 முதல் 30 வரை இடப்பக்கம் எண் போடுங்கள். எண்ணை முதலிலேயே போடுவது முக்கியம். காலி வரிகள் உங்களை விடாது. ஒரு யோசனைக்கு ஒரு வரி. விளக்கம் வேண்டாம், ‘ஆனால்’ வேண்டாம்.

முதல் பத்து சரளமாக வரும், ஏனென்றால் அவை யாருக்கும் வருபவை: நினைவூட்டல் அனுப்பு, அபராதத்தைக் கூட்டு, கெடுவை நீட்டு. பதினைந்தைத் தொட்டதும் தலை காலியானது போலிருக்கும். பெரும்பாலானவர்கள் அங்கே பேனாவை மூடிவிடுகிறார்கள். வருவது மெதுவானதும் தரமும் குறைந்துவிட்டது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. உண்மையில் தரம் அப்படி விழுவதில்லை. மாறாக, அபூர்வமான யோசனைகள் பட்டியலின் பின்பாதியில்தான் அதிகம் வருகின்றன. பைத்தியக்காரத்தனமானவற்றையும் எழுதுங்கள். ‘புத்தகமே திரும்ப வேண்டாம்’ என்று ஒரு வரி. அது அப்படியே பயன்படாது, ஆனால் ‘வாசகர் அதை அடுத்த வாசகரிடம் நேரடியாகக் கொடுத்தால்?’ என்ற வரிக்கு இழுத்துச் செல்லும்.

குழுவாகச் செய்ய வேண்டியிருந்தால் எல்லோரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து ‘சொல்லுங்க, சொல்லுங்க’ என்று ஆரம்பிக்காதீர்கள். பிரெயின்ஸ்டார்மிங் என்ற பெயரில் அதிகம் நடப்பது இதுதான். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதற்குள் தன் யோசனை மறந்துபோகும், அல்லது சொல்லத் தயக்கம் வரும். அதே எண்ணிக்கை ஆட்கள் தனித்தனியாக எழுதிப் பிறகு சேர்த்தால் கூடுதல் யோசனைகள் கிடைக்கின்றன என்று 1958 முதலே ஆய்வுகள் சொல்லி வருகின்றன. 1987-இல் டீலும் ஸ்ட்ரோபவும் முக்கியக் காரணம் தன் முறை வரும் வரை காத்திருப்பதுதான் என்று காட்டினார்கள்.

மாற்று வழி 6-3-5. ஆறு பேர், ஆளுக்கு ஒரு தாள், ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை. டைமர் அடித்ததும் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ள வேண்டும். அவர் மேலே இருப்பதைப் படித்துவிட்டு அதை வளர்த்தோ புதிதாகவோ மூன்று எழுதுவார். ஆறு சுற்று, 30 நிமிடம், 108 யோசனைகள். யாரும் வாயே திறப்பதில்லை. அதிகாரி அறையில் இருந்தாலும் இளையவர்கள் எழுதிவிடுவார்கள். இதைவிட வேறு என்ன வேண்டும்?

## 4. வறண்டால் தூண்டுகோல் (20 நிமிடம்)

தூண்டுகோல்கள் ஏராளம். எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். அகராதியில் ஏதோ ஒரு சொல்லை எடுத்து அதைச் சிக்கலோடு முடிச்சுப் போடும் முறை பிரபலம். எனக்கு அதில் பெரிய மதிப்பு இல்லை. விளையாட்டாக ஐந்து நிமிடம் செய்து பார்க்கலாம். ஸ்காம்பர் என்ற பெயரில் வரும் கேள்விப் பட்டியல் (மாற்று, சேர், பொருத்து, பெரிதாக்கு, வேறு பயனில் விடு, நீக்கு, தலைகீழாக்கு) பொருள்களுக்கு நன்றாக வேலை செய்கிறது, நடைமுறைச் சிக்கல்களுக்குச் சுமார். நான் திரும்பத் திரும்ப எடுப்பவை இரண்டே.

முதலாவது, நீக்கிப் பாருங்கள். தாள் 2-ஐப் பாருங்கள்: பெரும்பாலானவை எதையாவது புதிதாகச் சேர்ப்பவையாக இருக்கும். 2021-இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வில், ஒற்றைக் கட்டையின் மேல் ஆட்டம் காணும் லெகோ கூரையை உறுதியாக்கச் சொன்னார்கள். அந்தக் கட்டையை எடுத்துவிட்டால் கூரை கீழே தானாக அமரும். பலர் புதிய கட்டைகளைச் சேர்த்தார்கள், அதுவும் சேர்க்கும் ஒவ்வொன்றுக்கும் காசு பிடிப்போம் என்று சொல்லியும். ‘எடுப்பது இலவசம்’ என்று ஒரு வரி நினைவூட்டியதும் எடுத்தவர்கள் கூடினார்கள். ஆகவே உங்களுக்கு நீங்களே நினைவூட்டிக்கொள்ளுங்கள்: எந்த விதி, எந்தப் படிவம், எந்தக் கையெழுத்து போனால் சிக்கலும் கூடவே போகும்? ஓரமாகக் குறித்த அபராதக் கிளை இங்கே வருகிறது. சிகாகோ பொது நூலகம் 2019-இல் தாமத அபராதத்தையே ஒழித்தது. அதன் பிறகு திரும்பி வரும் புத்தகங்கள் கூடின.

இரண்டாவது, முரண்பாட்டை அப்பட்டமாக எழுதுங்கள். ‘புத்தகம் வாசகரிடம் நீண்ட நாள் இருக்க வேண்டும். புத்தகம் வாசகரிடம் நீண்ட நாள் இருக்கக் கூடாது.’ இரண்டும் நியாயம். நடுவில் ஒரு தேதியைப் பிடித்துச் சமரசம் செய்யாமல், இரண்டையும் பிரிக்க முடியுமா என்று கேளுங்கள்: காலத்தால், இடத்தால், நிபந்தனையால். விமானத்துக்குச் சக்கரம் தரையில் வேண்டும், வானத்தில் கூடாது. அதனால் உள்ளே மடங்கிக்கொள்கிறது. அது காலத்தால் பிரிப்பது. நூலகத்தில் நிபந்தனையால் பிரிக்கலாம்: யாரும் காத்திருக்காத புத்தகத்துக்குக் கெடு தானாக நீளட்டும், வேறொருவர் கேட்ட அன்றுதான் கெடு தொடங்கட்டும். சோவியத் பொறியாளர் கென்ரிக் அல்ட்ஷூலர் உருவாக்கிய, டிரிஸ் என்ற சிக்கல் தீர்க்கும் முறையின் சாரம் இது. அதன் 40 கோட்பாடுகளையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், இந்த ஒரு கேள்வி வெகுதூரம் போகும்.

## 5. ஆறப் போடுங்கள் (ஒரு இரவு)

தாள்களை மடித்து வைத்துவிட்டு எழுந்து நடங்கள். ஸ்டான்ஃபோர்டில் 2014-இல் வந்த ஆய்வில், உட்கார்ந்திருந்தபோது சொன்னதைவிட நடந்தபோது ஏறக்குறைய 60 சதவீதம் கூடுதலாகப் புது யோசனைகள் சொன்னார்கள். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஒரே சரியான விடை உள்ள கேள்விகளுக்கு மட்டும் நடை கைகொடுக்கவில்லை. அதனால் கணக்குச் சரிபார்க்கும் வேலையை நடைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

போனை வீட்டில் வையுங்கள். குறித்துக்கொள்ள ஒரு சீட்டும் பென்சிலும் போதும். இன்னொன்று: முதல் நான்கு படிகளை அரைகுறையாகச் செய்துவிட்டு ஆறப் போட்டால் ஆறியதுதான் மிச்சம்.

## 6. மறுநாள், வேறு மனநிலையில் தேர்ந்தெடுங்கள் (1 மணி நேரம்)

தாள் 3-இல் முதலில் அளவுகோல்களை எழுதுங்கள், யோசனைகளைப் பார்க்கும் முன்பே. மூன்று போதும்: சிக்கலை எவ்வளவு தொடும், எவ்வளவு செலவாகும், எவ்வளவு விரைவில் சோதிக்கலாம். யோசனைகளைப் பார்த்த பிறகு எழுதினால், மனதுக்குப் பிடித்த யோசனைக்கு ஏற்றபடி அளவுகோலை வளைத்துவிடுவீர்கள். எல்லோரும் செய்வதுதான், தெரியாமலே.

முப்பதிலிருந்து ஐந்து. ஐந்தில் ஒன்றாவது உங்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்துவதாக இருக்கட்டும். குழுவாக இருந்தால் மதிப்பெண்ணை ஆளாளுக்குச் சீட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், கை தூக்கச் சொல்ல வேண்டாம். மூத்தவர் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே எல்லாக் கைகளும் போகும்.

ஐந்துக்கும் உளவியலாளர் கேரி கிளைன் சொன்ன ‘முன்கூட்டிய பிரேதப் பரிசோதனை’யைச் செய்யுங்கள். ஆறு மாதம் கழித்து இந்த யோசனை படுதோல்வி அடைந்துவிட்டது என்றே வைத்துக்கொண்டு, ஏன் தோற்றது என்று ஐந்து நிமிடம் எழுதுங்கள். ‘தோற்குமா?’ என்று கேட்டால் மரியாதைக்காக வாய் மூடுபவர்கள், ‘தோற்றுவிட்டது, ஏன்?’ என்றால் தாராளமாக எழுதுவார்கள். கெடு தானாக நீளும் யோசனைக்கு வரக்கூடிய பதில்: ‘கேட்டு வைக்கலாம் என்பதே பல வாசகர்களுக்குத் தெரியவில்லை.’ யோசனையைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, அந்த ஓட்டையை அடைத்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

## 7. சின்னதாகச் சோதியுங்கள் (1 முதல் 2 வாரம்)

தாள் 4-இல் தொடங்கும் முன் நான்கு வரிகள் கட்டாயம்: எதைச் சோதிக்கிறோம், இப்போதைய எண் என்ன, எந்த எண்ணை எட்டாவிட்டால் கைவிடுவோம், எந்த நாளில் நிறுத்துவோம். மூன்றாவது வரியை எழுதத்தான் யாருக்கும் மனம் வராது. அது இல்லாவிட்டால் சோதனைக்கு முடிவே இருக்காது, ‘இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்’ என்று இழுத்துக்கொண்டே போகும்.

முழு நூலகத்திலும் விதியை மாற்ற வேண்டாம், ஓர் அலமாரியில் மாற்றுங்கள். மென்பொருள் மாற்றம் கேட்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருவர் நோட்டில் எழுதிக் கையால் செய்யட்டும். அவரிடம் முன்கூட்டியே சொல்லி, அந்த நேரத்தை அவருடைய மற்ற வேலையிலிருந்து கழித்துவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாம் நாளே நோட்டு எழுதுவது நின்றுபோகும். அலமாரியைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஜாக்கிரதை: ஒழுங்காகத் திருப்பித் தரும் வாசகர்கள் அதிகம் புழங்கும் அலமாரி என்றால் எந்த யோசனையும் வென்றுவிடும். தொல்லை அதிகமுள்ள அலமாரியையும் சாதாரணமான ஒன்றையும் சேர்த்தே எடுங்கள்.

நிறுத்தும் நாளில் அந்த எண்ணை எட்டவில்லை என்றால் தாள் 3-க்குத் திரும்பி அடுத்த யோசனையை எடுங்கள். ஐந்தும் போய்விட்டதா? தாள் 2-க்குப் போகாதீர்கள், தாள் 1-ஐ எடுங்கள். அங்கே எழுதிய வேறொரு ‘எப்படி’ கேள்வியிலிருந்து தொடங்குங்கள். இந்த முறை முதல் படி பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.